சிவக்காத மருந்து

அக்டோபர் 3, செவ்வாய்

இன்று என்னிடம் ஒருவர் கருத்துக் கேட்டார். அதை எழுதிவைக்கத்தான் கல்லூரியில் மிச்சமான இந்த நோட்டை எடுத்தேன்.

கேட்டவர் ருக்குமணி அக்கா. பல்லடத்தில், உடுமலை ரோட்டில் அவருடைய வாட்டர் வாஷ் கடை இருக்கிறது. நான் அங்கே பில் போடுகிறேன். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள் கார் கழுவும் கடையில் பில் போடுவதா என்று எங்கள் லைன் வீட்டு வரிசையில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் தறி ஓட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான். வேலைக்கான நேர்முகத் தேர்வுகளுக்கும் போனேன். கேள்விக்கு விடை தெரியும். அது தொண்டைவரை வந்து நின்றுகொள்ளும். எதிரே இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் எழுந்து வந்துவிடுவேன். என் பெயர் கோகிலவாணி என்பதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பது அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். காளியப்பன் என்பவர் பழனி, சபரிமலை, கல்யாண வீடு என்று வேன்களும் கார்களும் வாடகைக்கு விடுகிறார். ஆயுத பூஜைக்கு அவருடைய வண்டிகள் எல்லாவற்றையும் எங்கள் கடையில் கழுவ விடப்போகிறார், எஞ்சின் அறையோடு சேர்த்து. பிடித்துப்போனால் வருடம் முழுவதும் வேலை எங்களுக்கு. இதுவரை எங்கள் கடையில் எஞ்சினைத் தொட்டதில்லை. எண்ணெய்க் கறையை எடுக்க டீகிரீசர் வேண்டும். கடையில் அதற்கு ‘மருந்து’ என்று பெயர்.

“கோகிலா, நீ கெமிஸ்ட்ரிதான படிச்ச? எந்த மருந்து வாங்கலாம்னு நீயே பாத்துச் சொல்லு. நீ சொல்றதத்தான் வாங்குவேன்” என்றார் அக்கா.

வண்டி கழுவும் ஜோதிமணி அண்ணன், வண்டியை ஏற்றி நிறுத்தும் ரேம்பின் அடியிலிருந்து தலையை நீட்டினார். “அந்தப் புள்ள வாயத் தொறக்கறதுக்குள்ள ஆயுத பூஜ நோம்பியே முடிஞ்சிருமுங்க்கா.”

நான் தலையை ஆட்டினேன். அக்கா அதைச் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டார். வீடு வரும் வரைக்கும் பஸ்ஸில் உட்காரவே தோன்றவில்லை. இடம் இருந்தது.

அக்டோபர் 4, புதன்

ஜோதிமணி அண்ணனின் கட்சி டீசல். “டீசல அடிச்சு, பிரஷ் போட்டு, தண்ணி விட்டா எஞ்சின் கண்ணாடியாட்டம் இருக்கும். எங்க பழைய மொதலாளி கடைல அப்பிடித்தான் பண்ணுவோம்.”

டீசல் பட்டால் ரப்பர் குழாய்கள் உப்பும். மிச்சமான ஈரத்தில் புழுதி ஒட்டி, அடுத்த வாரமே முன்பைவிட அழுக்காகும். சூடான எஞ்சினில் பட்டால் தீப்பிடிக்கவும் செய்யும். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதி அக்காவின் மேசையில் வைத்தேன். அக்கா படித்துவிட்டு, “டீசல் வேண்டாம் ஜோதி” என்றார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, சீட்டெழுதிக் குடுக்கறா பாருங்க. வருங்காலக் கலெக்டரு” என்றார் அண்ணன். கோபமில்லை. டீ குடிக்கும்போது எனக்கும் ஒன்று வாங்கிவந்தார்.

அக்டோபர் 6, வெள்ளி

அண்ணன் எங்கிருந்தோ ஒரு கேனில் நீல நிற மருந்து கொண்டுவந்தார். கேனில் பெயர் கிடையாது. ஒரு பழைய டெம்போவின் எஞ்சினில் அடித்துக் காட்டினார். கறுப்பு அப்படியே வழிந்து இறங்கியது. அக்கா கை தட்டினார்.

ஒரு சொட்டு என் விரலில் பட்டது. வழவழவென்று இருந்தது. எவ்வளவு கழுவியும் அந்த வழவழப்புப் போகவில்லை. காஸ்டிக் சோடா அப்படித்தான் இருக்கும். தோலையே சோப்பாக்கிவிடும். இந்தக் காலத்து எஞ்சின்களில் பாதி அலுமினியம். காரம் அலுமினியத்தை அரிக்கும். ஆனால் விரல் வழவழக்கிறது என்று சீட்டெழுதிக் கொடுத்தால் யார் நம்புவார்கள்? கல்லூரி ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் இருந்தது. வாட்டர் வாஷில் துண்டும் பக்கெட்டும்தான் இருக்கின்றன.

சாயங்காலம் வீட்டில் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துண்டில் குழம்பு கொட்டிய மஞ்சள் கறை. அதில் சோப்பைத் தேய்த்தாள். கறை சிவந்தது.

பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. இன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்டோபர் 7, சனி

மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் வாங்கி, அதில் மஞ்சள்தூளைக் கரைத்து, வெள்ளைத் தாளை முக்கித் துணிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன்.

“ஏங்கண்ணு, பேப்பருக்கா நலங்கு வெக்கற?” என்றாள் அம்மா.

“ஊட்டுல பொண்ணுக்கு வெக்க வழியக் காணோம், பேப்பருக்காவது நடக்கட்டும்” என்றார் அப்பா. இரண்டு பேரும் தறிச் சத்தத்திலேயே இருந்து பழகியவர்கள். மெதுவாகப் பேசத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

காய்ந்ததும் பட்டை பட்டையாக நறுக்கினேன். பெரிய கட்டு தேறியது. வருடம் முழுக்க வரும்.

அக்டோபர் 8, ஞாயிறு

கடையிலிருந்து ஒரு சீசாவில் கொண்டுவந்த நீல மருந்தில் ஒரு சொட்டு. தாள் ரத்தமாகச் சிவந்தது. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பிறகு சட்டி மூடி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் கொஞ்சம் ஊற்றினேன். அலுமினிய மூடி. பொரிந்து பொரிந்து நுரை வந்தது. துடைத்தால் கறுப்பு. அம்மா அப்போதுதான் உள்ளே வந்தாள்.

“அது எங்கம்மா ஊட்டுச் சீருடி.”

“எஞ்சினுக்கு இப்பிடி ஆகக் கூடாதுன்னுதான்மா.”

“எஞ்சினுக்கு ஆவக்கூடாது, என்ற மூடிக்கு ஆவலாமா?”

மூடியைப் பையில் வைத்துக்கொண்டேன். சாட்சி.

அக்டோபர் 9, திங்கள்

சீட்டு எழுதினேன், மூடியையும் தாளையும் கூட வைத்தேன். அக்கா தாளில் தானே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். அப்புறம் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு தடவை செய்து காட்டினார். நீல கேன் வெளியே போயிற்று. “மூடிக்கு நம்மக்கா காசு குடுக்கும்னு அம்மாகிட்டச் சொல்லு” என்றார் ஜோதிமணி அண்ணன். தோற்றாலும் அவருக்குச் சிரிக்கத் தெரியும்.

அடுத்தது, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விற்கிற ஆரஞ்சு பாட்டில். தாள் மஞ்சளாகவே இருந்தது. எவ்வளவு நேரம் வைத்தும் மாறவில்லை. ஆனால் மெதுவான மருந்து. அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், பிரஷ் போட வேண்டும், இண்டு இடுக்குக்கு மறுபடியும் அடிக்க வேண்டும். விலையும் கூட.

“இதை வெச்சுக் கழுவுனா, இந்த நோம்பிக்கு விட்ட வண்டி அடுத்த நோம்பிக்குத்தான் வெளிய வரும்” என்றார் அண்ணன். அக்காவுக்கும் தயக்கம். இன்னொன்று பார்க்கலாமே என்றார்.

அக்டோபர் 11, புதன்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்தார். பெயர் நவநீதன். வெளிர்நீலச் சட்டை, கையை முழங்கைவரை ஒரே அளவாக மடித்திருந்தார். பச்சை நிற மருந்து. லேபிளில் ‘நியூட்ரல்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது.

“எங்ககிட்ட கெமிஸ்ட்ரி மேடம் இருக்காங்க. அவங்ககிட்டப் பேசுங்க” என்று அக்கா என்னைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, “நீங்க எதுங்க பாப்பீங்க மொதல்ல? கறை போறதா, பாகம் கெடாம இருக்கறதா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. போனை எடுக்கவில்லை. நான் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம், “கெடாம இருக்கறது” என்றேன்.

“கரெக்டுங்க. இது நியூட்ரல். அலுமினியத்துக்கு ஒண்ணும் ஆவாது.”

அக்காவின் பழைய காரில் அடித்துப் பார்த்தோம். எஞ்சின் ஆறும்வரை பொறுத்து, பேட்டரிக்கும் பியூஸ் பெட்டிக்கும் பிளாஸ்டிக் தாள் சுற்றி, முறையாகச் செய்தோம். நீல மருந்தைப் போலவே வேகம். வாசனையும் நன்றாக இருந்தது, எலுமிச்சை போல.

மஞ்சள் தாளில் சோதிக்கவில்லை. லேபிளிலேயே போட்டிருக்கிறது. ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து சொல்லும்போது, தாளை எடுத்து நீட்டுவது மரியாதையில்லை. தாளும் குறைவாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 12, வியாழன்

பச்சை மருந்தே நல்லது என்று அக்காவிடம் சொன்னேன். சீட்டில் எழுதவில்லை, வாயால் சொன்னேன்.

அக்டோபர் 14, சனி

கேன்கள் வந்தன. நவநீதனே வண்டியில் கூட வந்து இறக்கினார். காப்பிக் கலர்ச் சட்டை. கம்பெனியில் சேர்ந்து அவர் வாங்கும் முதல் பெரிய ஆர்டராம். “உங்களாலதாங்க” என்றார். நான் ரசீதில் கையெழுத்துப் போட்டேன். அது கோணலாக விழுந்தது.

இன்று அமாவாசை. எதிர்ப்பக்கம் பிள்ளையார் கோயில் வாசலில் காளியப்பன் தன் சொந்தக் காருக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அமாவாசைக்கும் போடுவாராம். மற்றவர்கள் பானெட்டுக்கு மேலே பொட்டு வைத்தால், இவர் பானெட்டைத் திறந்து உள்ளே வைக்கிறார். மஞ்சளையும் சந்தனத்தையும் குழைத்து, எஞ்சின் மேல் மூடி, ரேடியேட்டர், பேட்டரி, கை போகிற இடமெல்லாம் பூசி, நடுவே குங்குமம். மாதா மாதம் பூசியது ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து அங்கே ஒரு மஞ்சள் சுவரே இருந்தது.

“எஞ்சினுக்கு மாசாமாசம் கல்யாணம் பண்ணி வெக்கறாரு மனுஷன்” என்றார் ஜோதிமணி அண்ணன்.

எனக்கு அழகாகத்தான் பட்டது. யார் கண்ணுக்கும் தெரியாமல் உள்ளே கிடந்து உழைக்கிற ஒன்றுக்குப் பொட்டு வைக்கத் தோன்றியிருக்கிறதே.

அக்டோபர் 17, செவ்வாய்

நவநீதன் போன் செய்தார். மருந்தைப் பற்றித்தான் பேசினோம். பிறகு பல்லடத்தில் மழையா என்று கேட்டார். பிறகு கோயம்புத்தூரில் மழையா என்று நான் கேட்டேன்.

“யாரு கண்ணு போன்ல?” என்றாள் அம்மா.

“மருந்துக் கம்பெனி.”

“உனக்கு ஒடம்புக்கு என்ன?”

அக்டோபர் 19, வியாழன்

இன்று கடையில் நடந்ததை முழுக்க எழுதிவிட வேண்டும்.

காளியப்பன் முதலில் தன் காரை விட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அது சரியாக வந்தால் சனிக்கிழமை வேன்கள். காலையில் காரை ரேம்பில் ஏற்றிவிட்டு, கூட இரண்டு டிரைவர்களோடு நின்று பார்த்தார். அண்ணன் பேட்டரியையும் பியூஸ் பெட்டியையும் மூடிக் கட்டி, பச்சை மருந்தை அடித்தார்.

எஞ்சின் அறை சிவந்தது.

மூடியிலிருந்து, ரேடியேட்டரிலிருந்து, எங்கெங்கே மஞ்சள் இருந்ததோ அங்கிருந்தெல்லாம் சிவப்பு கிளம்பியது. கெட்டியாக, நூல் நூலாக வழிந்து, அடியில் சிமெண்டுத் தரையில் சொட்டியது. அண்ணன் ஸ்பிரே கன்னைக் கீழே போட்டுவிட்டார்.

“ரத்தம்” என்றார் டிரைவர்களில் ஒருவர்.

காளியப்பனின் முகத்தை நான் பார்த்தேன். போன மாதம் தாராபுரம் ரோட்டில் ஒரு லாரி மோதாமல் மயிரிழையில் தப்பிய கார் அது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். “நோம்பிக்கு முன்னால வண்டி ரத்தம் கக்குது. ருக்குமணி, ஒரு வேலையும் வேண்டாம். வண்டிய எறக்கு.”

“அண்ணா, ஒரு நிமிசம், அது என்னன்னு...” என்றார் அக்கா. ரோட்டில் போனவர்கள் நிற்கத் தொடங்கினார்கள். யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

எனக்கு அது என்னவென்று தெரியும். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பில்லின் பின்பக்கம் எழுதி நீட்டினால் அன்றைக்கு யார் படிப்பார்கள்?

“ஆரத்திங்க” என்றேன்.

சத்தம் பெரிதாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். தறிக்காரர் வீட்டுக் குரல், அம்மாவுடையது. என்னிடமும் இருந்திருக்கிறது.

“ஆரத்தி கரைக்கறப்ப மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு போட்டாச் செவக்குதில்லீங்களா? அதேதாங்க இது. நீங்க வெச்ச மஞ்சள்தாங்க. ரத்தமில்லீங்க.”

காளியப்பன் என்னைப் பார்த்தார். நம்பவில்லை. பூஜைக்கு வாங்கிவைத்த எலுமிச்சம்பழப் பை அக்காவின் மேசைக்குக் கீழே இருந்தது. ஒன்றை எடுத்து அறுத்து, எஞ்சின் மூடிமேல், சிவப்பு அதிகமாக இருந்த இடத்தில் பிழிந்தேன். சாறு போன வழியெல்லாம் மஞ்சள் திரும்பியது. சிவப்புக்கு நடுவே மஞ்சள் கோடு. இன்னொரு பக்கமும் பிழிந்தேன். இன்னும் கொஞ்சம் மஞ்சள்.

காளியப்பன் அரைப் பழத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே பிழிந்து பார்த்தார். மறுபடி ஒரு பழம் கேட்டு வாங்கி, ரேடியேட்டர் பக்கமும் பிழிந்தார். அப்புறம் சிரித்தார், சின்னப் பையன் மாதிரி.

“அப்ப, வண்டிக்கு ஆரத்தி எடுத்தாச்சுங்கற?”

“ஆமாங்க.”

“அட, இந்த அம்மிணி யாரு ருக்குமணி? நீ சொல்லவே இல்ல?”

அக்கா என்னை எப்படிப் பார்த்தார் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. கூட்டம் கலையவே இல்லை. ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கேட்டார்கள். அண்ணன் தண்ணீர் அடித்துக் கழுவினார். கழுவி முடித்த எஞ்சின் புதுப் பாத்திரம் போல இருந்தது. சனிக்கிழமை எல்லா வண்டியையும் அனுப்புவதாகக் காளியப்பன் சொல்லிவிட்டுப் போனார்.

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே அண்ணன் கேட்டார். “ஏம்மிணி, சுண்ணாம்பு போட்டாத்தான செவக்கும்? அப்ப இந்த மருந்துல சுண்ணாம்பாட்டம் என்னமோ இருக்குதா?”

எனக்கு அப்போது ஒரு பில் போட வேண்டியிருந்தது.

அக்டோபர் 20, வெள்ளி

காலையில் கடையில் தாள் கட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். பச்சை மருந்தில் ஒரு சொட்டு. நீல மருந்துக்கு எப்படிச் சிவந்ததோ அப்படியே. சட்டி மூடியிலும் ஊற்றினேன். நுரைத்தது.

காளியப்பன் வழியில் நின்று என்னைக் கூப்பிட்டுப் பானெட்டைத் திறந்து காட்டினார், பெருமையாக. ஆல்டர்னேட்டரின் வெளிப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. அவர் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

எலுமிச்சை பிழிந்து, கொஞ்ச நேரத்திலேயே தண்ணீரும் அடித்ததால் திட்டோடு போயிற்று. நாளைக்கு இத்தனை வண்டிகளையும் அவசரத்தில் கழுவும்போது உடனே அடிப்பார்களா?

நேற்றைய பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். சொல்ல வேண்டியது அதில் இல்லை.

அக்டோபர் 21, சனி

முதல் வேன் ரேம்பில் ஏறியிருந்தது. அண்ணன் பச்சை மருந்தைக் கன்னில் ஊற்றிக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வண்டிகள் வரிசையாக ரோடுவரைக்கும் நின்றன. டிரைவர்கள், காளியப்பன், அக்கா, எல்லோரும் இருந்தார்கள். வியாழக்கிழமையிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்னை ‘எலுமிச்சம்பழ டாக்டர்’ என்கிறார்கள்.

அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிடப் போனேன். அதற்குள் அண்ணன் கன்னைத் தூக்கிவிட்டார்.

“அடிக்காதீங்கண்ணா.”

கம்ப்ரசர் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிருக்கிறது. அவர் அப்படியே நின்றார்.

“அந்த மருந்து வேண்டாமுங்க. அதுல காரம் இருக்குது. அன்னைக்குச் செவந்ததே அதனாலதான். நீலக் கேனுக்கும் இதுக்கும் வித்தியாசமில்ல. அலுமினியத்த அரிச்சிரும். நான்தான் சோதிக்காம நல்லதுன்னு சொல்லிட்டேன்.”

“அன்னைக்கே தெரியுமா உனக்கு?” என்றார் அக்கா.

“தெரியுமுங்க்கா.”

கம்ப்ரசரை யாரோ நிறுத்தினார்கள். நிறுத்தாமல் இருந்திருக்கலாம். காளியப்பன் தன் காரிடம் போனார். நானும் போய், ஆல்டர்னேட்டரின் திட்டைக் காட்டினேன். அவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“இதை நீ காட்டலைன்னா நான் பாத்திருக்கவே மாட்டேனே, அம்மிணி.”

“தெரியுமுங்க.”

அவர் அக்காவிடம் திரும்பினார். நான் பையை எடுத்துக்கொண்டு போகச் சொல்வார் என்று நினைத்தேன். “வேற மருந்து வெச்சிருக்கறியா ருக்குமணி? இந்தப் புள்ள எதைச் சொல்லுதோ அதை அடி. நாளைக்குப் பொழுதோட வண்டி வேணும், அவ்வளவுதான்.”

அக்கா இன்னும் என்னிடம் பேசவில்லை. ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டார். “அந்த ஆரஞ்சு பாட்டில் எத்தனை இருக்குதோ எல்லாம் அனுப்புங்க.”

“செத்தோம்” என்றார் ஜோதிமணி அண்ணன். சொல்லிக்கொண்டே பிரஷ்களை எடுத்து ஆளுக்கொன்றாக டிரைவர்களிடம் நீட்டினார். “நின்னு வேடிக்க பாத்தது போதும். அவனவன் வண்டிய அவனவன் தேய்ங்க. அம்மிணி, உனக்கும் ஒண்ணு.”

நவநீதனுக்கு நானே போன் செய்தேன். கேன்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். “நேர்ல வாங்க, காட்டறேன்” என்றேன். மழையைப் பற்றி இரண்டு பேரும் கேட்கவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

நாள் முழுக்கப் பிரஷ். அடி, காத்திரு, தேய், மறுபடி அடி. தோள் கழன்று விழுகிறது. ஒரு இடத்தில்கூடச் சிவக்கவில்லை. கடைசி வேன் போனபோது அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அடுத்த தடவ அன்னைக்கே சொல்லு” என்றார். தன் முறுக்கில் பாதியை உடைத்துக் கொடுத்தார்.

அக்டோபர் 24, செவ்வாய், விஜயதசமி

நேற்று எழுதவில்லை. இந்த நோட்டையும் பூஜையில் வைத்துவிட்டேன். பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. இன்று காலையில் எடுத்தபோது அட்டையில் குங்குமம் இருந்தது.

நேற்று கடைப் பூஜையில் அண்ணன் தன் ஸ்பிரே கன்னை வைத்தார். அக்கா கல்லாப் பெட்டியை வைத்தார். எனக்கென்று என்ன இருக்கிறது, பேனாவை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா என் இழுப்பறையைத் திறந்து மஞ்சள் தாள் கட்டை எடுத்துக் கன்னுக்குப் பக்கத்தில் வைத்தார். “மஞ்சளுக்கே மஞ்சப் பொட்டு வெக்கறதா?” என்றார் அண்ணன். வைத்தார்கள்.

காளியப்பன் எல்லா வண்டிகளையும் எங்கள் வாசலிலேயே நிறுத்திப் பூஜை போட்டார். பூசணிக்காய் உடைத்தாயிற்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பிறகு முதல் வேனின் பானெட்டைத் திறந்தார். மஞ்சள் குழைத்த கிண்ணத்தில் விரலை விட்டவர், அப்படியே நிறுத்திவிட்டு என்னைத் தேடினார்.

“அம்மிணி, இப்பிடி இக்கட்ட வா. இங்க வெக்கலாமா?”

“வெக்கலாமுங்க.”

“இங்க?”

“அது பெல்ட் ஓடற எடமுங்க. வேண்டாம்.”

“பேட்டரிக்கு?”

“மேல வெய்ங்க. முனையில படாம.”

ஒவ்வொரு வண்டியாக, ஒவ்வொரு பொட்டாகக் கேட்டுக் கேட்டு வைத்தார். அத்தனை டிரைவர்களும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசி வண்டியில்தான், இவ்வளவு பேருக்கு நடுவில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

இன்று நவநீதன் வந்தார். கேன்களை ஏற்றும் முன் அவரை என் மேசைக்குக் கூப்பிட்டேன். கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து எதிரே வைத்து, “ஒரு சொட்டு விடுங்க” என்றேன். விட்டார். சிவந்தது. சட்டி மூடியை நான் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்தார். இந்தத் தடவை நான் காத்திருந்தேன்.

“எனக்கு லேபிள்தாங்க தெரியும்” என்றார். “உள்ள என்னன்னு நான் கேட்டதே இல்ல. எத்தன கடைக்குக் குடுத்திருக்கேன்.” பிறகு, “இந்தத் தாள் எனக்குக் கொஞ்சம் குடுப்பீங்களா? குடுத்த கடைக்கெல்லாம் போய்க் காட்டோணும். கம்பெனிலயும் காட்டோணும்” என்றார்.

“மஞ்சத்தூள் கோயம்புத்தூர்லயும் கெடைக்குமுங்க” என்றேன்.

ஜோதிமணி அண்ணன் குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது. “அக்கா, கேட்டீங்களா, நம்ம கலெக்டரு கிண்டல் பண்ணுது” என்று கத்தினார். நவநீதனும் சிரித்தார். வாழ்க்கையில் நான் அடித்த முதல் கிண்டல் அது. நன்றாகவே விழுந்தது.

அப்புறம் அவருக்கு எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுத்தேன், ஸ்பிரிட் எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு என்று. தாள் கட்டில் பாதியையும் கொடுத்தேன். தாள் நிறைய இருக்கிறது. எப்போதுமே நிறைய இருந்தது. அவர் முதல்முதலாக வந்த அன்றைக்கும் இருந்தது. அடுத்த வாரம், எல்லாக் கடைக்கும் போய்வந்த பிறகு, என்ன ஆயிற்று என்று வந்து சொல்கிறேன் என்றார். போனிலேயே சொல்லலாமே என்று நான் சொல்லவில்லை.

வெள்ளைச் சட்டை.

தாள் எண்ணிக் கொடுத்ததில் விரலெல்லாம் மஞ்சள். வீட்டுக்கு வந்து துணி சோப்புப் போட்டுக் கழுவினேன். கை முழுக்கச் சிவந்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, “என்ன கண்ணு, மருதாணி வெச்ச மாதிரி செவந்து கெடக்குது?” என்றாள்.

சோப்பினால்தான்.